சுவிட்சை அணைத்துவிட்டு விளக்கு மாட்டலாமா?

கேள்வி: ஹாலில் பழைய டியூப்லைட் பிட்டிங்கைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பேட்டன் மாட்டப்போகிறேன். சுவிட்சை ஆஃப் செய்தால் போதும்தானே?

பதில்: போதாது. சாதாரண சுவிட்ச் ஒரே ஒரு வயரைத்தான் துண்டிக்கிறது. அது ஃபேஸ் (கரண்ட் வரும்) வயராக இருக்க வேண்டும். வயரிங் செய்தவர் மாற்றி நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் வயரில்) சுவிட்சைக் கொடுத்திருந்தால் விளக்கு அணையும், ஆனால் ஃபேஸ் பிட்டிங்கிலேயே உட்கார்ந்திருக்கும். சுவிட்ச் சரியாக இருந்தாலும், சில வீடுகளில் சீலிங் ரோஸ் (கூரையில் விளக்கு வயரை இணைக்கும் வட்ட மூடி) வழியாகவே ஃபேஸ் அடுத்த அறைக்குப் போகும். அந்த வயருக்கும் உங்கள் சுவிட்சுக்கும் சம்பந்தமே கிடையாது.

அதனால் அந்த விளக்குக்குக் கரண்ட் போகும் சர்க்யூட்டின் எம்.சி.பி.யை (மெயின் போர்டில் உள்ள பிரேக்கர் சுவிட்சை) இறக்குங்கள். எது எதற்கு என்று எழுதி ஒட்டாத போர்டாக இருந்தால், விளக்கை எரியவிட்டு ஒவ்வொன்றாக இறக்கிப் பாருங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். மெயினை அணைத்ததும் இன்வெர்ட்டர் தானாக ஓட ஆரம்பித்து அதே விளக்கு லைனுக்குக் கரண்ட் கொடுக்கும். அதையும் நிறுத்துங்கள்.

அடுத்தது டெஸ்டர். அதற்குள் இருக்கும் நியான் பல்ப் போயிருந்தால், உயிருள்ள வயரையும் 'கரண்ட் இல்லை' என்று காட்டும். எனவே முதலில் கரண்ட் இருக்கும் வேறொரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள். பிறகு பிட்டிங்கில் உள்ள எல்லா வயர்களிலும் வையுங்கள், நியூட்ரலையும் விடாதீர்கள். கடைசியில் மறுபடி அந்த பிளக்கிலேயே சோதியுங்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் பலரும் தாண்டிப்போகும் படி இதுதான்.

வயரின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். புதிய வயரிங்கில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல் என்றிருக்கும். பழையதில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். கறுப்பையே ஃபேஸாக வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. பழைய பிட்டிங்கைக் கழற்றும்போதே எந்த வயர் எங்கே இருந்தது என்று டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள்.

வயர் முனையில் 8 முதல் 10 மி.மீ. மட்டும் தோலை உரித்து, இழைகளை முறுக்கி, கனெக்டரில் முழுதாகச் செருகி ஸ்குரூவை இறுக்குங்கள். வெளியே செம்பு தெரியக் கூடாது. ஸ்குரூ செம்பைக் கடிக்க வேண்டும். தோலைக் கடித்தால் இறுக்கமாகத் தெரியும், தொடர்பு இருக்காது. ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அது இப்போதே வந்தது நல்லது. தளர்ந்த இணைப்புதான் பின்னால் மினுக்கும், சூடேறும், கனெக்டரைக் கருக்கும்.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் படுக்கையறை எல்.இ.டி. பல்ப் மங்கலாக எரிகிறது. ஆபத்தா?

பதில்: காரணத்தைப் பொறுத்தது. சுவிட்சில் சிவப்புப் புள்ளியாக எரியும் இண்டிகேட்டர் இருக்கிறதா? அதன் வழியே கசியும் துளிக் கரண்ட்டே எல்.இ.டி.க்குப் போதும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டால் நின்றுவிடும். நீண்ட தூரம் இரண்டு வயர்கள் ஒட்டியே ஓடினாலும் இப்படி மினுக்கும். இவை இரண்டும் தொந்தரவுதான், ஆபத்தில்லை. மூன்றாவது காரணம், மேலே சொன்னபடி சுவிட்ச் நியூட்ரலில் இருப்பது. அதை அப்படியே விடக் கூடாது, பல்ப் மாற்றுபவரின் விரலுக்கு அருகில் ஃபேஸ் காத்திருக்கிறது. எலக்ட்ரீஷியனை வைத்துச் சுவிட்சை ஃபேஸுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: ஃபால்ஸ் சீலிங்கில் 7 கிலோ எடையுள்ள உலோக சரவிளக்கு தொங்கவிடலாமா? எங்கள் லைட் பாயின்டில் எர்த் வயர் இல்லை.

பதில்: ஜிப்சம் போர்டு அந்த எடையைத் தாங்காது. போர்டில் ஓட்டை போட்டு, மேலே இருக்கும் கான்கிரீட் தளத்தில் ஆங்கர் அடித்து, அதில் கொக்கியும் சங்கிலியும் கொடுங்கள். துளையிடும் முன் அந்த இடத்தில் வயர் பைப் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். எடை முழுவதும் சங்கிலியில் இருக்க வேண்டும், வயர் கொஞ்சம் தொய்வாகத் தொங்க வேண்டும். வயர் எடை சுமந்தால் கனெக்டரிலிருந்து மெல்ல மெல்லக் கழன்று வரும்.

எர்த் இல்லாமல் உலோக விளக்கை மாட்டாதீர்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி அதன் மேல் இருந்தால் இரட்டை இன்சுலேஷன் என்று பொருள், அதற்கு மட்டும் எர்த் தேவையில்லை. மற்றதற்கு எர்த் வயர் இழுத்தே ஆக வேண்டும். 'எர்த் இல்லையென்றால் நியூட்ரலையே பாடியில் முடிந்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால், விளக்கு எரியாது, ஆனால் பாடி முழுக்க ஃபேஸ் வந்துவிடும்.

மரை உள்ள ஹோல்டராக இருந்தால் ஃபேஸ் அடியில் இருக்கும் நடு முனைக்கு, நியூட்ரல் மரைக்கு. மாற்றிக் கொடுத்தால், பல்ப் திருகும்போது விரல் படும் உலோகத்தில் கரண்ட் இருக்கும்.

கேள்வி: குளியலறைச் சுவர் விளக்குக்குள் தண்ணீர் கோத்துக்கொள்கிறது.

பதில்: ஐ.பி. 44 (தூசியும் நீரும் புகாமல் தடுக்கும் அளவைச் சொல்லும் எண்) அல்லது அதற்கு மேல் உள்ள பிட்டிங் வேண்டும். அது இருந்தும் தண்ணீர் இறங்கினால், வயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். சுவரை ஒட்டிய விளிம்பில் மேல்பக்கத்திலும் இரு பக்கவாட்டிலும் சிலிக்கான் பூசி, கீழ்ப்பக்கத்தை மட்டும் திறந்து விடுங்கள். நாலாபுறமும் அடைத்தால் உள்ளே படியும் நீராவி வெளியேற வழியிருக்காது.