பழைய பப்பை நடத்தியவர்களின் பெயர்களை எங்கே தேடுவது?

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரில் பழைய பப் ஒன்றை லீஸுக்கு எடுத்து நடத்துகிறேன். வாசல் சுவரில் '1603' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அது நிஜமா, எனக்கு முன்னால் யார் யார் இங்கே லேண்ட்லார்டாக இருந்தார்கள் என்று வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெயர்களையும் வருடங்களையும் எழுதி உள்ளே ஒரு பலகை மாட்ட ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: லேண்ட்லார்ட் என்றதும் நமக்கு வாடகை வசூலிக்க வரும் வீட்டுக்காரர்தான் நினைவுக்கு வருவார். பப் விஷயத்தில் அந்தச் சொல் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று பீர் ஊற்றியவரைக் குறிக்கும். கட்டடம் பெரும்பாலும் ஏதாவது ஒரு பீர் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தது. இவர் அவர்களிடம் குடியிருந்து, அவர்கள் சரக்கையே விற்றவர். ஆகவே நடத்தியவர்கள் ஒரு வரிசை, சொந்தக்காரர்கள் வேறு வரிசை. நோட்டில் முதல் நாளிலிருந்தே இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். பின்னால் பிரிக்கப் போனால் தலை சுற்றும்.

வாசலில் இருக்கும் வருடத்தை இப்போதைக்கு நம்பவேண்டாம். நாட்டிங்ஹாமில் 'யே ஓல்ட் ட்ரிப் டு ஜெருசலேம்' என்ற புகழ்பெற்ற பப்பின் சுவரில் 1189 என்று எழுதியிருக்கும். இன்றிருக்கும் கட்டடத்தின் பழைய பகுதியே 1650 வாக்கில்தான் கட்டப்பட்டது என்கிறார்கள். 18-ம் நூற்றாண்டின் நடுவில் அதன் பெயர் 'பில்கிரிம்'. கட்டடத்தின் வயது வேறு, அதில் மது விற்ற வயது வேறு, இன்றைய பெயரின் வயது வேறு. உங்கள் 1603 இந்த மூன்றில் எது என்று யாராவது காகிதம் காட்டும்வரை அதைப் பலகையில் ஏற்றாதீர்கள்.

நான் கட்டடத்தை விட்டுவிட்டு லைசென்ஸைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவேன். 2005 நவம்பரிலிருந்து உரிமம் கொடுப்பது உள்ளூர் கவுன்சில். சமீபத்திய பெயர்கள் அங்கே கிடைக்கும். அதற்கு முன்னால் அது மாஜிஸ்ட்ரேட்டுகள் கையில் இருந்தது. 1872-ம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு லைசென்ஸ் பதிவேடு வைப்பது கட்டாயமானது. உங்கள் கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆவணக் காப்பகத்தில் அவை இருந்தால் பாதி வேலை முடிந்தது. பெரிய தடிமனான நோட்டு, ஒரு பப்புக்கு ஒரு பக்கம். பப்பின் பெயர், சொந்தக்காரர், லைசென்ஸ்தாரர், கைமாறிய தேதி என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். நேரம் தாண்டி விற்றது, குடித்துக் கலாட்டா செய்தவர்களை உள்ளே உட்காரவைத்தது என்று அபராதக் கணக்கெல்லாம் அங்கேதான் எழுதியிருப்பார்கள். பலகைக்கு உப்பும் காரமும் அங்கேதான் கிடைக்கும்.

1753 முதல் 1828 வரையிலும் பல கவுண்ட்டிகளில் நல்ல ஆவணம் உண்டு. கடை நடத்துபவர் 'ஒழுங்காக நடத்துவேன்' என்று ஆண்டுதோறும் ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டும். அவை காலாண்டு நீதிமன்றக் காகிதங்களோடு இருக்கும். சிக்கல் இடைப்பட்ட காலத்தில்தான். 1830-ல் வந்த பீர்ஹவுஸ் சட்டப்படி, இரண்டு கினி (அந்தக் கால பிரிட்டிஷ் நாணயம்) கட்டி லைசென்ஸ் எடுத்தால் வரி செலுத்தும் எந்தக் குடும்பமும் வீட்டு முன்னறையிலேயே பீர் விற்கலாம், மாஜிஸ்ட்ரேட்டைப் பார்க்கவே வேண்டாம் என்று ஆனது. கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. மாஜிஸ்ட்ரேட்டுகளின் கட்டுப்பாடு 1869-ல்தான் திரும்பியது. உங்கள் பப் அப்படி ஒரு முன்னறையில் பிறந்ததென்றால், அந்த நாற்பது வருடத்துக்கு நீதிமன்றக் காகிதம் எதிலும் அதைப் பார்க்கமுடியாது.

அந்த இடைவெளிக்கு வணிக டைரக்டரிகள் கைகொடுக்கும். ஊர் ஊராகக் கடைக்காரர்களின் பெயர்களை அச்சிட்ட புத்தகங்கள் அவை. பிகோட், கெல்லி என்ற பதிப்பாளர்கள் வெளியிட்ட இரண்டையும் பாருங்கள். 'பப்ளிக் ஹவுஸ்' தலைப்பில் இல்லையென்றால் 'பீர் ரீடெய்லர்' என்ற தலைப்பையும் பாருங்கள். அங்கே பப்பின் பெயர் இல்லாமல் ஆளின் பெயரும் தெருவும் மட்டுமே இருக்கும். டைரக்டரி அச்சாகி வருவதற்குள் ஆள் மாறியிருக்கலாம் என்பதால் ஒரு வருடம் முன்பின் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: 1841 முதல் 1921 வரை பத்து வருடத்துக்கு ஒன்றாகப் பார்க்கலாம். 1931-ன் ஏடுகள் தீயில் போயின, போரின் நடுவே 1941-ல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த ஓட்டையை 1939 செப்டம்பரில் எடுத்த குடிமக்கள் பதிவேடு ஓரளவு அடைக்கும்.

கணக்கெடுப்பில் தொழில் என்ற இடத்தில் 'பப்ளிகன்' (பப் நடத்துபவர்) என்று இல்லாவிட்டால் அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். கசாப்புக்காரர், கொல்லர், தச்சர் என்று வேறு தொழிலோடு பப் நடத்தியவர்கள் ஏராளம். இந்த இரட்டைத் தொழிலுக்கு உச்சம் ஆல்பர்ட் பியர்பாயின்ட். அரசின் தூக்குப் போடுபவர். 1946-ல் ஓல்டம் பக்கம் ஹாலின்வுட்டில் 'ஹெல்ப் த புவர் ஸ்ட்ரக்ளர்' என்ற பப்பை எடுத்து நடத்தினார். அங்கே வழக்கமாக வந்து அவரோடு சேர்ந்து பாட்டுப் பாடிய ஜேம்ஸ் கார்பிட் என்பவரை, கொலைக் குற்றத்துக்காக 1950-ல் அவரே தூக்கிலிட நேர்ந்தது. வேலை முடிந்ததும் அதே கவுண்ட்டருக்குத்தான் திரும்பினார்.

பெண்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. கணவர் இறந்தால் லைசென்ஸ் மனைவி பேருக்கு மாறும். அவர் மறுமணம் செய்துகொண்டால் பெரும்பாலும் புதுக் கணவர் பேருக்குப் போய்விடும். காகிதத்தில் மூன்று பேர், இரண்டு குடும்பப் பெயர். கடையை முப்பது வருடம் தாங்கிப் பிடித்தது ஒரே பெண்ணாக இருக்கும். திருமணப் பதிவையும், 1858-க்குப் பிறகென்றால் உயில் அட்டவணையையும் ஒத்துப் பார்த்தால் இது பிடிபடும். பலகையில் அந்தப் பெண் பெயரை அடைப்புக்குறிக்குள் ஒதுக்காமல் முன்னால் எழுதுங்கள் என்பது என் கட்சி.

இன்னொரு பொறி, பெயர். 'ரெட் லயன்', 'கிரவுன்' மாதிரிப் பெயர்கள் ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு தாவியிருக்கின்றன. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையத்தில் இங்கிலாந்தின் பழைய ஆர்டனன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களையும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு மைலை 25 அங்குலமாக வரைந்த வரைபடத்தில் உங்கள் கட்டடத்தின் மேல் 'பி.ஹெச்.' (பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு எண்களை நம்பவேண்டாம், அவை மாறியிருக்கும்.

உயிரோடிருக்கும் பழைய லேண்ட்லார்டுகளின் பெயரை மாட்டும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சிலர் கடனில் மூழ்கி வெளியேறியிருப்பார்கள். விடுபட்ட வருடங்களைக் காலியாகவே விடுங்கள், வருகிறவர்களில் யாராவது ஒருவர் பாட்டி வீட்டு ஆல்பத்தோடு வருவார். அப்படி வரும் பழைய போட்டோவில் எல்லாரும் முகங்களைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பூதக்கண்ணாடியைக் கதவுக்கு மேலே கொண்டுபோங்கள். நடத்துபவரின் பெயரையும் என்னென்ன விற்க உரிமம் என்பதையும் அங்கே எழுதிவைப்பது அந்தக் காலத்தில் சட்டம்.