கத்தோலிக்கர் மாதாவை ஆராதிக்கிறார்களா?

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "இது மரியாளைக் கடவுளாக்குவது இல்லையா?"

நான் தரங்கம்பாடி லுத்தரன் (மார்ட்டின் லுத்தர் வழிவந்த புராட்டஸ்டன்ட் சபை). ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்திய நடைப்பயணிகள் எங்கள் தெரு வழியே போவார்கள். கொப்புளம் கண்ட கால்களோடு திண்ணையில் உட்காருபவர்களுக்கு என் பாட்டி நீர்மோர் ஊற்றிக் கொடுப்பார். அப்போது அவர்கள் முணுமுணுக்கும் செபத்தை நான் கூர்ந்து கேட்டிருக்கிறேன். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றுதான் அது முடிகிறது. "தாரும்" என்று இல்லை. கத்தோலிக்க விளக்கம் முழுவதும் அந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது: ஆராதனை கடவுளுக்கு மட்டும், மாதாவுக்கு வணக்கம். 787இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கமே இந்த வேறுபாட்டை வகுத்துவிட்டது.

எங்கள் தரப்பின் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 1 தீமோத்தேயு 2:5 கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே இயேசு ஒருவரையே மத்தியஸ்தர் என்கிறது. மாதா தம் தாயின் வயிற்றில் பிறவிப் பாவமின்றி உருவானார் (1854), உடலோடு விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் (1950) என்று திருத்தந்தையர் அறிவித்த கோட்பாடுகளுக்கு வேதத்தில் நேரடி ஆதாரம் இல்லை. தேர்ப்பவனியின் கூட்டத்தில் வணக்கத்துக்கும் ஆராதனைக்கும் இடையிலான கோடு அழிந்துவிடுகிறது என்பது என் உண்மையான கவலை.

ஆனால் மரியாளை இகழ்வது லுத்தரன் மரபே அல்ல. மரியாளின் பாடலுக்கு 1521இல் அன்போடு விளக்கவுரை எழுதியவர் லுத்தர். "கடவுளின் தாய்" என்ற பட்டத்தையும் அவர் மறுக்கவில்லை. நடைப்பயணிகளின் பக்தியை விக்கிரக ஆராதனை என்று சொல்வதற்கு முன், அந்தச் செபத்தை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள்.