காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காய்ச்சலைப் பற்றியவை. வயது, காய்ச்சல் தொடங்கிய தேதி, சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர் ஆகிய மூன்றையும் எழுதச் சொல்லியிருந்தேன். எழுதியவர்கள் சிலரே.

காட்பாடி வாசகர்: எங்கள் தெருச் சாக்கடையைச் சுத்தம் செய்து மருந்தும் அடித்துவிட்டோம். அப்படியும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டெங்கு. எப்படி?

சாக்கடையில் வளர்வது வேறு கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் உங்கள் வீட்டு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். குழாயில் எப்போதோ ஒருமுறை தண்ணீர் வருவதால் டிரம்மில் பிடித்து வைக்கிறீர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் வாரம் ஒருமுறை காலி செய்து உட்புறத்தை நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பக்கச் சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் ஈரம் பட்டதும் பொரிக்கும். கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுரலையும் ஃபிரிட்ஜின் பின்தட்டையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ராணிப்பேட்டை, ஒரு தாய்: மகனுக்கு வயது 9. டெங்கு. ஐந்தாம் நாளான இன்று காய்ச்சல் விட்டுவிட்டது. பிளேட்லெட் 90,000. பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா? நாளை பள்ளிக்கு அனுப்பலாமா?

தேதிக் கணக்கோடு எழுதியதற்கு நன்றி. அனுப்பாதீர்கள். டெங்குவில் காய்ச்சல் விட்டபின் வரும் ஓரிரு நாட்கள்தான் ஆபத்தானவை. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், அசதி என எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனை. 90,000 என்ற எண்ணைக் கண்டு கலங்க வேண்டாம், பையனைப் பாருங்கள். சாற்றைவிடக் கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். மேல். மறுபடி காய்ந்தால் பாரசிட்டமால் மட்டும். வேறு வலி மாத்திரை கூடாது.

குடியாத்தம் வாசகர்: இந்த ஆண்டில் மூன்றாம் முறையாக எனக்கு டைபாய்டு. காய்ச்சல் கண்ட மறுநாளே லேபில் பார்த்தேன், வைடால் 1:80 பாசிட்டிவ். மருந்துக் கடையில் ஐந்து மாத்திரை வாங்கிப் போட்டேன், இரண்டே நாளில் சரியானது. ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

வந்தது டைபாய்டு என்று யார் சொன்னது? வைடால் 1896இல் வந்த சோதனை. அது கிருமியைக் காட்டுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைக் காட்டுகிறது. அது உருவாகவே ஒரு வாரம் போல ஆகும். இரண்டாம் நாள் பாசிட்டிவ் என்றால் அது பெரும்பாலும் பழைய கணக்கு. நம் பக்கத்தில் எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் 1:80 (ரத்த நீரை எண்பது மடங்கு நீர்த்த பிறகும் எதிர்ப்பொருள் தெரியும் அளவு) வரும். எனக்கு எடுத்தாலும் வரலாம். இன்னொன்று: உண்மையான டைபாய்டு, சரியான மருந்து கொடுத்தாலும் அடங்க நான்கைந்து நாள் ஆகும். இரண்டே நாளில் ஓடிய உங்கள் காய்ச்சல் ஏதோ வைரஸ். மாத்திரை இல்லாமலும் போயிருக்கும். பெயரைத் தட்டிச் சென்றது மாத்திரை.

உறுதி செய்ய வேண்டுமானால் ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. அதுவும் முதல் ஆன்டிபயாடிக் விழுங்குவதற்கு முன். அரைகுறையாக ஐந்து மாத்திரை போட்டுவிட்டு வந்தால் கல்ச்சரில் கிருமி சிக்காது. மருத்துவர் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து எழுத வேண்டியதுதான். கல்ச்சருக்குச் செலவு அதிகம் என்பீர்கள். மூன்று முறை லேபுக்கும் கடைக்கும் கொடுத்ததைக் கூட்டிப் பாருங்கள். ஒரு காலத்தில் டைபாய்டுக்கு குளோராம்ஃபெனிகால் கேட்டது. பிறகு சிப்ரோஃப்ளாக்சசின் கேட்டது. இப்போது அதுவும் பெரும்பாலும் கேட்பதில்லை. மருந்துச் சீட்டு இல்லாமல் கடைப்பலகையின் மேல் நாம் எண்ணி வாங்கிய மாத்திரைகளுக்கு இதில் பங்குண்டு. கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை, கேட்பவர் நீங்கள்.

பயமிருந்தால் தடுப்பூசி இருக்கிறது, ஒரே ஊசி. குழந்தைகளுக்கு ஒன்பது மாதம் வாக்கில் போடலாம். அதோடு, கொதிக்கவைத்த தண்ணீர்.

அணைக்கட்டு வாசகர்: அம்மாவுக்கு 55 வயது, கடலைக் கொல்லையில் வேலை. எட்டு நாளாகக் காய்ச்சல், தலைவலி. டைபாய்டு மருந்து கேட்கவில்லை. அக்குளில் கறுப்பாக ஒரு பொருக்கு, வலி இல்லை.

இதைப் படித்ததும் கிளம்புங்கள். சிகரெட்டால் சுட்டதுபோன்ற பொருக்கு என்றால் ஸ்கரப் டைபஸ் என்று சந்தேகிக்க வேண்டும். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக்குஞ்சு கடித்து வருவது. வேலூர்ப் பக்கம் மழைக்குப் பிந்தைய மாதங்களில் நிறையவே உண்டு. டாக்ஸிசைக்ளினுக்குப் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி என மறைவிடத்தில் இருப்பதால் கூச்சத்தில் யாரும் காட்டுவதில்லை. மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். இனி கொல்லையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் குளியல். துணியைச் செடிமேல் உலர்த்த வேண்டாம்.

ஆம்பூர் வாசகர்: மஞ்சள் காமாலை குறைந்துவிட்டது. பிரியாணி எப்போது சாப்பிடலாம்?

பசி திரும்பியதும். மதுதான் கூடாது.

ஆற்காடு வாசகர்: தெருநாய் காலில் கடித்து ரத்தம் வந்தது. மிளகாய்த்தூள் வைத்துக் கட்டினோம். நாய் நன்றாகத்தான் திரிகிறது. ஊசி தேவையா?

தேவை. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம் என்று எத்தனை முறை எழுதுவது? ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவதுதான் முதலுதவி. இப்போதும் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் போடும் ஊசி 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28ஆம் நாட்களில். ரத்தம் வந்ததால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்பொருள் ஊசியும் வேண்டும். ரேபீஸ் அறிகுறி தோன்றிவிட்டால் மருந்து கிடையாது.

வாலாஜா வாசகர்: மாமனாருக்குத் தொழுநோய். சிகிச்சை தொடங்கி மூன்று மாதம். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கலாமா?

கரிகிரி தொழுநோய் மருத்துவமனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? கூட்டு மருந்து தொடங்கியதுமே தொற்றும் தன்மை வெகுவேகமாகக் குறைந்துவிடும். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ, சொன்னபடி முடிக்கட்டும், மருந்து இலவசம். தட்டை ஒன்றாகவே கழுவுங்கள். வீட்டில் மற்றவர்கள் ஒருமுறை தோல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சோளிங்கர் வாசகர்: (லேப் அறிக்கையின் படம் மட்டும்.)

வயது? தேதி?

சத்துவாச்சாரி, ஆசிரியை: மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. கை, துண்டு, தலையணை உறை வழியாகத்தான் பரவும். அந்த மாணவன் கண்ணில் நீர் நிற்கும்வரை வீட்டில் இருக்கட்டும். போன வருடம் மீந்த சொட்டு மருந்தை மட்டும் விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் வேறு வம்பு.