மீட்டரில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தால் கோளாறை எங்கே தேடுவது?

ஓடும்போது ஏபிஎஸ், ஸ்டீயரிங், எஞ்சின் விளக்குகள் சேர்ந்து எரிகின்றன, ஸ்பீடாமீட்டர் பூஜ்யத்துக்கு விழுகிறது, ஸ்கேனரில் யூ0100, யூ0121 என்று பழுதுக் கோடுகள் வருகின்றன, ஈசிஎம் (எஞ்சின் கம்ப்யூட்டர்) மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். நான் கார் எலெக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன். யூ கோடுடன் வந்த வண்டிகளில் ஈசிஎம் நிஜமாகவே பழுதாகியிருந்தது மிகச் சிலவற்றில்தான். மற்றதெல்லாம் ஒயர், கனெக்டர், எர்த், இல்லையென்றால் பலவீனமான பேட்டரி.

யூ0100 என்பது, எஞ்சின் கம்ப்யூட்டர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை என்று இன்னொரு மாட்யூல், அதாவது வண்டியில் உள்ள வேறொரு குட்டிக் கம்ப்யூட்டர், கொடுக்கும் புகார். யூ0121 ஏபிஎஸ் மேல் வரும் அதே புகார். பேசவேண்டியது செத்துவிட்டதா, நடுவில் ஒயர் அறுந்துவிட்டதா என்பது புகார் கொடுத்த மாட்யூலுக்குத் தெரியாது. அதை நாம்தான் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும்.

மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் பாதைக்குப் பெயர் கேன். பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்டது. முறுக்கிய இரண்டு ஒயர், ஒன்று கேன் ஹை, மற்றது கேன் லோ. சும்மா இருக்கும்போது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட். பேசும்போது ஹை 3.5-க்கு ஏறும், லோ 1.5-க்கு இறங்கும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு ஒயரிலும் ஒரே மாதிரி ஏறும், வித்தியாசம் மட்டும் மாறாது. முறுக்கியிருப்பது அதற்காகத்தான். பாதையின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும்.

முதலில் பேட்டரி. ஸ்டார்ட் பண்ணும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் அதைச் சரிசெய்துவிட்டு மற்றதைப் பாருங்கள். அப்புறம் ஸ்கேனரில் எந்த மாட்யூல் பதில் சொல்கிறது, எது சொல்லவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். இதைப் பலர் செய்வதே இல்லை, ஸ்கேனரில் வந்த கோடுகளை அழித்துவிட்டு வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள்.

பிறகு சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஐந்து நிமிடம் விட்டு, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் 6-வது பின்னுக்கும் 14-வது பின்னுக்கும் இடையே ஓம் பாருங்கள். 60 வந்தால் இரு முனை ரெசிஸ்டரும் பேரலலாகத் தெரிகின்றன. 120 வந்தால் ஒரு முனை கழன்றிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஹையும் லோவும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பேட்டரி இணைப்பில் இருக்கும்போது ஓம் பார்த்தால் வரும் எண்ணை நம்பக்கூடாது. கேட்வே, அதாவது ஓபிடிக்கும் உள் பாதைக்கும் நடுவில் நிற்கும் மாட்யூல், உள்ள வண்டிகளில் ஓபிடியில் வரும் அளவு உள் பாதையுடையது அல்ல. அந்த வண்டியின் ஒயரிங் படம் இல்லாமல் தொடவேண்டாம். மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குடையது, அதில் மல்டிமீட்டரே வைக்கக்கூடாது.

உங்களுடையது மாதிரியே ஒரு டீசல் ஹேட்ச்பேக் என்னிடம் வந்தது. வேறு இடத்தில் ஈசிஎம்முக்கு விலை சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேகத்தடையில் ஏறி இறங்கினால் விளக்குகள் எரியும், வண்டி நிற்காது. ஆனால் அணைத்துவிட்டால் சில நேரம் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. விளக்கு எரியும் நேரத்தில் ஸ்கேனரில் மீட்டரும் ஸ்டீயரிங்கும் பதில் சொல்லின, எஞ்சினும் ஏபிஎஸ்ஸும் சொல்லவில்லை. இரண்டு மாட்யூல் ஒரே நொடியில் பழுதாகாது. அந்த இரண்டுக்கும் பொதுவான ஒயரில்தான் கோளாறு என்று அதிலேயே பாதி தெரிந்துவிட்டது.

ஓம் பார்த்தேன், 60. நல்ல வண்டி மாதிரிதான் காட்டியது. மல்டிமீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, உதவிக்கு இருந்த தம்பியை ஒயர் கட்டை ஒவ்வோர் இடமாக அசைக்கச் சொன்னேன். டேஷ்போர்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. இடது பக்கம், முன் சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில் கை பட்டதும் எண் 120-க்குத் தாவியது. கையை எடுத்தால் மறுபடி 60.

கார்பெட்டைத் தூக்கினால் அடியில் பஞ்சு நனைந்து கிடக்கிறது. ஏசி தண்ணீர் வெளியே போகும் குழாய் மண்ணடைத்து, தண்ணீர் உள்ளேயே இறங்கியிருக்கிறது. அங்கே இருந்த கனெக்டரைக் கழற்றினேன். கேன் லோ பின் பச்சை பூத்திருந்தது, விரல் பட்டதும் நுனி உடைந்து வந்துவிட்டது.

இரண்டு பக்கமும் புதுப் பின் போட்டேன். பச்சை ஏறிய ஒயரை வெட்டி, புதுத் துண்டை சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) மாட்டினேன். ஹை ஒட்டும் லோ ஒட்டும் நேர் எதிரே வராமல் சற்றுத் தள்ளி, முறுக்கையும் பழையபடி முறுக்கிவிட்டேன். ஏசி குழாயைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் விட்டிருந்தால் அடுத்த வெயில் காலத்தில் அதே வண்டி திரும்ப வந்திருக்கும்.

உங்கள் வண்டியிலும் ஸ்பீடாமீட்டர் விழுகிறது, இரண்டு கோடும் எஞ்சின், ஏபிஎஸ் மேல்தான். அதனால் மீட்டரிலிருந்து முன்பக்கம் போகும் ஒயர் கட்டில் தொடங்குங்கள். பின்னால் கேமராவோ ஸ்டீரியோவோ வெளியில் மாட்டியிருந்தால், அதற்காக எந்த ஒயரை வெட்டி இணைத்திருக்கிறார்கள் என்பதை அதற்கும் முன்னால் பாருங்கள்.