கோத்தகிரிப் பக்கம் மட்டும் கூகுளில் வரவில்லை என்றால்

உங்கள் தங்கும் விடுதித் தளத்தின் கோத்தகிரிப் பக்கம் மட்டும் தேடலில் வராதது கூகுள் கொடுத்த தண்டனையோ என்று கேட்டிருந்தீர்கள். இது தண்டனை இல்லை. ஒரே வாசகத்தில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று மூன்று பக்கம் போட்டிருக்கிறீர்கள். கூகுள் மூன்றையும் ஒன்றாகக் கருதி, ஒன்றை மட்டும் காட்டுகிறது என்றே தோன்றுகிறது.

தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலில் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போய் கோத்தகிரிப் பக்க முகவரியைக் கொடுங்கள். கூகுள் தேர்ந்தெடுத்த கெனானிக்கல் (ஒரேபோன்ற பக்கங்களில் முதன்மையாக எடுத்துக்கொண்ட பக்கம்) என்ற இடத்தில் ஊட்டிப் பக்கம் இருந்தால் காரணம் இதுதான்.

தங்கும் விடுதி கோத்தகிரியில்தானே? மற்ற இரண்டு முகவரிகளையும் கோத்தகிரிப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடுதல்) செய்துவிடுங்கள். எது முதன்மைப் பக்கம் என்று சொல்லும் கெனானிக்கல் டேக் மட்டும் போட்டால் போதாது; அது வெறும் பரிந்துரைதான், கூகுள் அதை மீறலாம்.

பிறகு வாசகத்தை மாற்றுங்கள். "இயற்கை எழில் கொஞ்சும்" என்ற அந்த முதல் வரியை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடிப் பாருங்கள், எத்தனை விடுதிகள் வருகின்றன என்று தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் எங்கே நிற்கும், கோடநாடு காட்சிமுனைக்கு எவ்வளவு நேரம், டிசம்பர் இரவில் வெந்நீர் உண்டா என்று எழுதுங்கள். அதை உங்களால்தான் எழுத முடியும். புக்கிங் தளங்களுக்குச் சுருக்கமான வேறு வாசகம் கொடுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம்: பழைய பக்கங்களை ரோபோட்ஸ் கோப்பில் (எந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் robots.txt) தடுக்காதீர்கள். தடுத்தால் ரீடைரக்டையே கூகுள் பார்க்காது. மாற்றம் தெரியச் சில வாரங்கள் ஆகலாம்.