மலையே இல்லாத வன்னியில் மவுண்டன் பைக் ஓட முடியுமா?

நண்பர்களோடு ஒரு நாள் முழுக்க ஓடுகிற மாதிரி வட இலங்கையின் வன்னியில் என்ன பாதை இருக்கிறது, மலையே இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஓடலாம். ஆனால் சுலபம் என்று நினைத்து வராதீர்கள். மலைநாட்டில் ஏறிக் களைத்தால் அடுத்து ஓர் இறக்கம் வரும், காலுக்கு ஓய்வு கிடைக்கும். இங்கே இறக்கமே இல்லாததால் நாள் முழுக்க மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் மணலிலும் வெயிலிலும்.

நாங்கள் மாங்குளத்தில்தான் கூடுவோம், ரயிலிலும் வரலாம், ஏ9 வீதியால் பஸ்ஸிலும் வரலாம். வெளிச்சம் வந்ததும் வெளிக்கிட்டால் ஒட்டுசுட்டான் வரைக்கும் தார் வீதி, கதைத்துக்கொண்டே ஓடலாம். தான்தோன்றீஸ்வரர் கோயில் பக்கம் தேத்தண்ணி குடித்துவிட்டு முத்தையன்கட்டுக்குத் திரும்பினால்தான் உண்மையான ஓட்டம் தொடங்கும். பேராற்றை மறித்துக் கட்டிய குளம் அது. குளக்கட்டு, இடதுகரை வலதுகரை வாய்க்கால் ஓரப் பாதைகள், வயலுக்கும் காட்டுக்கும் இடையில் போகிற கிரவல் வீதிகள் என்று மாறி மாறி ஓடலாம். எனக்கு இலங்கையில் இதைவிடப் பிடித்த இடம் இல்லை.

மணல் வந்தால் பாரமில்லாத கியருக்கு முன்கூட்டியே மாற்றிவிடுங்கள், உடம்பைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்து ஹாண்டிலைத் தளர்வாகப் பிடித்து ஒரே வேகத்தில் மிதியுங்கள், இடையில் நிறுத்தினால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. ரயர் 2.2 அங்குல அகலமாவது இருந்தால் நல்லது, காற்றையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முள். போன முறை வாய்க்கால் ஓரத்தில் நண்பன் ஒருவனுக்குக் காற்றுப் போய், ரியூப்பை மாற்றிப் பூட்டினோம், கொஞ்சத் தூரத்தில் திரும்பவும் போய்விட்டது. ரயரின் உட்பக்கத்தில் விரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் முள் நுனி ஒன்று நகத்தளவுகூட இல்லாமல் உள்ளே முறிந்து நின்றது தெரிந்தது. குறட்டால் இழுத்தெடுத்த பிறகுதான் சரி வந்தது. ஆளுக்கு இரண்டு ரியூப், ஒட்டுச் சாமான், ஒரு சின்னக் குறடு கட்டாயம். தண்ணீர் ஆளுக்கு 3 லீற்றருக்குக் குறையக் கூடாது, உப்புப் போட்ட மோர் கிடைத்தால் விடாதீர்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து விளையாட்டாக எடுக்காதீர்கள். போர் 2009இல் முடிந்தாலும் கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கில் முழுதாக முடியவில்லை. ஊர்ச்சனமும் மாடும் உழவு இயந்திரமும் போய்வருகிற தடத்தில் மட்டும் ஓடுங்கள். குறுக்கு வழி வேண்டாம், மண்டையோட்டுப் பலகை கண்டால் வந்த தடத்தாலேயே திரும்புங்கள், ஒதுங்குவதற்குக்கூடப் பற்றைக்குள் இறங்காதீர்கள்.

யானையும் உண்டு. வயற்காவலில் இருந்த ஐயா ஒருவர் எங்களை மறித்து, "தம்பியவை, நாலு மணிக்குப் பிறகு இந்தப் பாதையால வராதேங்கோ, ஆனை இறங்கும்" என்றார். அன்றிலிருந்து அந்த நேரத்துக்குள் தார் வீதிக்கு வந்துவிடுவோம். அதற்காகவே ஆகப் பிந்துகிறவரை முன்னுக்கு விட்டு மற்றவர்கள் பின்னால் போவோம். காட்டுப் பகுதியில் போனுக்குச் சிக்னல் இல்லாத இடங்கள் இருப்பதால் ஒருவர் தனித்துப்போனால் தேடுவது கஷ்டம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி மழையில் இந்தப் பாதைகள் சேறாகிவிடும், வராதீர்கள். பங்குனியில் வெள்ளாமை வெட்டி முடிந்த நேரம் ஓட நல்லது. வைகாசி, ஆனியில் வந்தால் வெயில் கடுமை, ஆனால் பாலைப்பழம் இருக்கும். மஞ்சளாக, தேன் மாதிரி இனிக்கும், பால் உதட்டில் ஒட்டிப் பிடிக்கும். கரடிக்கும் அது உயிர். அதனால் பாலை மரங்கள் உள்ள இடத்தில் சத்தமாகக் கதைத்து, வளைவுகளில் மணி அடித்துப் போங்கள். திடீரென்று கிட்டப் போய் முட்டினால் அது பாயும், தூரத்திலேயே சத்தம் கேட்டால் பெரும்பாலும் தானாக விலகிவிடும்.