உங்கள் பேட்ஜ் பேசுவது சினைப்பையைப் பற்றியல்ல, கண்ணைப் பற்றி

கேள்வி: எனக்கு 21 வயது. ரேடியோகிராஃபி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மூன்று மாதமாக அறுவை அரங்கில் சி-ஆர்ம் (அறுவை நடக்கும்போதே எக்ஸ்-ரே படம் காட்டும் கருவி) பயிற்சி. முடி கொட்டுகிறது, எந்நேரமும் சோர்வு. வெள்ளையணு 4,300 என்று வந்தது. கதிர்வீச்சு கருமுட்டைகளை அழித்துவிடும் என்று பாடத்திலும் இணையத்திலும் படித்தேன். பாதுகாப்புக்கு அயோடின் மாத்திரையும், முடிக்காக பயோட்டினும் எடுத்துக்கொள்கிறேன். உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்க நான் அணியும் பேட்ஜில் முதல் இரண்டு காலாண்டுகள் 0.10, 0.15 மில்லிசீவர்ட், இந்தக் காலாண்டு 1.90. வரம்புக்குள்தான் இருக்கிறது என்றார்கள். அடுத்த வருடம் எனக்குத் திருமணம். எனக்குக் குழந்தை பிறக்குமா? படிப்பை நிறுத்திவிடட்டுமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: இந்த டோஸால், அதாவது நீங்கள் வாங்கிய கதிர்வீச்சு அளவால், நீங்கள் தாயாவது தடைப்படாது. படிப்பையும் நிறுத்த வேண்டாம்.

பாடத்தில் படித்தது தவறில்லை. கருமுட்டை கதிர்வீச்சால் எளிதில் அடிபடும் செல்தான். ஆனால் எளிதில் அடிபடுமா என்பது ஒரு கேள்வி; எவ்வளவு டோஸில் அடிபடும் என்பது வேறு கேள்வி. இணையத்தில் மிரட்டுகிறவர்கள் முதலாவதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பெண்ணுக்கு நிரந்தர மலட்டுத்தன்மை வர, சினைப்பையே ஏறத்தாழ 3 கிரே (உடல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அலகு), அதாவது 3,000 மில்லிகிரே வாங்க வேண்டும். புற்றுநோய்க்குக் கதிர்சிகிச்சை பெறுபவர்களிடம் பார்க்கும் அளவு அது. ஒன்பது மாதத்தில் உங்கள் கணக்கு மொத்தம் 2.15 மில்லிசீவர்ட். எக்ஸ்-ரேயைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டுக்கு மில்லிகிரேயையும் மில்லிசீவர்ட்டையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம். ஆயிரத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

பிறக்கும் குழந்தைக்குக் குறை வருமோ என்ற பயத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும். 1927-இல் மரபியல் அறிஞர் முல்லர் பழ ஈக்களில் எக்ஸ்-ரே மரபணு மாற்றங்களை உண்டாக்குவதைக் காட்டியதிலிருந்து இந்தப் பயம் தொடர்கிறது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களுக்குப் பின்னாளில் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் கண்காணித்தும், பரம்பரை நோய் கூடியதாகக் காண முடியவில்லை. அவர்களின் பெற்றோர் வாங்கிய டோஸோடு உங்களுடையதை ஒப்பிடவே முடியாது.

முடி கொட்டுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கதிர்வீச்சால் முடி உதிர, தலைத்தோலில் 3 கிரே அளவுக்கு விழ வேண்டும். உதிர்வதும் கதிர் பட்ட இடத்தில் மட்டும்தான். 4,300 வெள்ளையணு இயல்பான எண். ரத்த அணுக்கள் குறையத் தொடங்குவதே உடல் முழுக்க ஒரே தடவையில் 500 மில்லிகிரே பட்டால்தான். ஆகவே பேட்ஜ் செய்யும் வேலையை ரத்தப் பரிசோதனை செய்யாது. அதற்காக அடிக்கடி ரத்தம் கொடுக்க வேண்டாம்.

அயோடின் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். அணு உலை விபத்தில் காற்றில் கலக்கும் கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுப்பது ஒன்றே அதன் வேலை. எக்ஸ்-ரே குழாயில் அயோடினே இல்லை. பொத்தானை விட்டதும் கதிரும் நின்றுவிடும், அறையில் எதுவும் தங்காது. காரணமில்லாமல் விழுங்கும் அயோடின் நல்ல தைராய்டையே கெடுக்கக்கூடியது. பயோட்டினையும் நிறுத்தி மூன்று நாள் கழித்து ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை) பாருங்கள். பயோட்டின் உடம்பில் இருக்கும்போது எடுத்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டலாம். இல்லாத தைராய்டு நோய்க்கு மருந்து தொடங்கிவிடக்கூடும். சோர்வுக்கும் முடிக்கும் விடை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்.

இப்போது அந்த 1.90. உங்கள் கடிதத்தில் நான் நின்று படித்த வரி இது ஒன்றுதான். "வரம்புக்குள் இருக்கிறது" என்று அதை மூடி வைத்தது சரியில்லை.

தொழிலில் இருப்பவர்களுக்கு முழு உடல் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். நான்கு காலாண்டும் இப்படியே போனாலும் 7.6 தான், அந்த வகையில் அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் பேட்ஜை ஏப்ரனுக்கு (கதிரைத் தடுக்கும் ஈய மேலங்கி) உள்ளே, நெஞ்சில் அணிந்திருப்பீர்கள். 0.5 மில்லிமீட்டர் ஈயத்துக்கு இணையான ஏப்ரன் சிதறல் கதிரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தடுத்துவிடும். தடுத்த பிறகும் உள்ளே 1.90 என்றால், ஏப்ரன் மூடாத கழுத்திலும் கண்ணிலும் அதைப்போல் பத்து மடங்கோ அதற்கு மேலோ விழுந்திருக்கலாம். மூன்றே மாதத்தில் 19! கண் லென்ஸுக்கான வரம்பை 150-இலிருந்து ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டாகச் சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் குறைத்தது. லென்ஸில் காலப்போக்கில் சேர்ந்து 500 மில்லிகிரே ஆனாலே கண்புரை வரலாம் என்பதுதான் காரணம். ஒரு காலாண்டில் உங்களுக்கு எதுவும் ஆகிவிடவில்லை, கண் மருத்துவரிடம் ஓட வேண்டாம். ஆனால் இப்படியே இருபது வருடம் நின்றால் ஆகலாம்.

முதலில் அந்த எண் உண்மையா என்று பாருங்கள். பேட்ஜை ஏப்ரனுக்கு வெளியே மாட்டியிருந்தீர்களா? அப்படியானால் கண்ணுக்குப் போனதும் கிட்டத்தட்ட 1.90 தான், நிம்மதி. கழற்றிய ஏப்ரனோடு பேட்ஜையும் அரங்கிலேயே தொங்கவிட்டீர்களா? உங்களுக்கே எக்ஸ்-ரேயோ சி.டி.யோ எடுத்தபோது பேட்ஜ் உடம்பில் இருந்ததா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அதைக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள்.

எதுவும் இல்லையென்றால் நிற்கும் இடத்தில்தான் கோளாறு. அரங்கில் உங்கள்மேல் படும் கதிர் பெரும்பாலும் நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி வருவது. கதிர் உள்ளே நுழையும் பக்கத்தில், அதாவது குழாய்ப் பக்கத்தில், சிதறல் பல மடங்கு அதிகம். அதனால் குழாய் மேசைக்குக் கீழேயும், கதிரை வாங்கிப் படமாக்கும் டிடெக்டர் மேலேயும் இருக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் சிதறல் நேரே முகத்துக்கு வரும். பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது டிடெக்டர் பக்கம் நில்லுங்கள். திரை தெரியவில்லை என்று மாணவர்கள் நெருங்கி வந்து நிற்பது வழக்கம்; ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்குப் போனால் டோஸ் கால் பங்காகும். முன்பக்கம் மட்டும் மூடும் ஏப்ரன் என்றால், கதிர் ஓடும்போது எதையாவது எடுக்கத் திரும்பினால் முதுகு திறந்து கிடக்கும். நோயாளியின் காலையோ கையையோ பிடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மணல் பையும் பட்டையும் அதற்குத்தான் இருக்கின்றன.

ஏப்ரனையும் சந்தேகியுங்கள். மடித்து நாற்காலியில் போட்டுப் போட்டு உள்ளே ஈயம் விரிசல் விட்டிருக்கலாம், வெளியே தெரியாது. ஃப்ளூரோஸ்கோபியில் (தொடர்ந்து ஓடும் எக்ஸ்-ரே படம்) வைத்துப் பார்த்தால் விரிசல் தெரியும். வருடத்துக்கு ஒரு முறையாவது பார்த்தாக வேண்டும்.

அலுவலரிடம் மூன்று கேளுங்கள்: கழுத்துப் பட்டைமேல் அணிய இரண்டாவது பேட்ஜ், ஈயக் கண்ணாடி, இந்த 1.90-க்கு எழுத்தில் ஒரு விளக்கம்.

திருமணத்துக்குப் பிறகு மாதவிலக்கு தள்ளிப்போனால் அன்றே பரிசோதித்து, கருவென்றால் உடனே துறைக்குச் சொல்லுங்கள். சொன்ன நாளிலிருந்து பிரசவம் வரை கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட். ஏப்ரனுக்கு உள்ளே வயிற்றில் தனி பேட்ஜ் தருவார்கள், தேவைப்பட்டால் சி-ஆர்ம் அரங்கிலிருந்து மாற்றுவார்கள். இந்தக் காலாண்டு உங்கள் பேட்ஜ் காட்டிய அளவு அதைவிட அதிகம். காரணத்தை இப்போதே கண்டுபிடிக்கச் சொல்வது அதனாலும்தான்.